பாடமாக்கிய பந்திகளுக்குள் உங்களைக் காணவில்லை

வெள்ளவத்தையிலிருந்து இருபது வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சொந்த ஊர் வவுனியா. உயர்தரம் வணிகப் பிரிவு, தமிழ்மொழி மூலம். பொருளியலில் ஏ, மற்ற இரண்டு பாடங்களிலும் பி. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று வணிக முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு நிபந்தனையோடு இடம் தந்திருக்கிறது. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். அக்கடமிக் பரீட்சையில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பகுதியும் 6.0க்குக் கீழே போகக்கூடாது. இரண்டு தடவை எழுதிவிட்டார். மூன்று வாரங்களுக்கு முன் கணினியில் எழுதிய பரீட்சையின் பெறுபேறு: கேட்டல் 6.5, வாசிப்பு 6.0, எழுத்து 5.5, பேச்சு 6.5. மொத்தம் 6.0. முதல் தடவையும் எழுத்தில் 5.5தான். செப்டெம்பரில் வகுப்புத் தொடங்க இன்னும் நான்கரை மாதம் இருக்கிறது.

காலி வீதியில் ஒரு வகுப்புக்குப் போகிறார். அங்கே நாற்பது மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள், முப்பத்தொன்றை முடித்துவிட்டார். அப்பா கட்டாரில். அம்மாவின் நகைகள் அடைவில். லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன், "வீட்டில தமிழ் கதைக்கிறதை நிப்பாட்டு, தமிழ்ப் புத்தகங்களையும் மூடி வை" என்கிறார். கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்ற், பரீட்சைக்குப் போகாமலே 7 வந்த சான்றிதழ் எடுத்துத் தரலாம் என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "எனக்கு இங்கிலிஷ் வராது எண்டு ஏற்றுக்கொண்டு இங்கயே ஏதாவது படிக்கவா மிஸ்?" கூடவே, வகுப்பில் எழுதிய கட்டுரை ஒன்றையும் இணைத்திருந்தார்.

அன்புள்ள தங்கைக்கு,

கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் பெறுபேற்றுத் தாளை எடுத்து முன்னால் வையுங்கள். நீங்கள் அதைப் பயத்தோடு பார்த்திருக்கிறீர்கள். கணக்கீடு படித்த பிள்ளை, கொஞ்சம் கணக்காகவும் பார்த்திருக்கலாம்.

அரைப் புள்ளிக் கணக்கு

"நாலு பகுதியிலயும் இன்னும் அரைப் புள்ளி கூட்ட வேணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மொத்தப் புள்ளி என்பது நான்கு பகுதிகளின் சராசரி. அதை அருகிலுள்ள அரைப் புள்ளிக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் நான்கையும் கூட்டினால் 24.5. நான்கால் பிரித்தால் 6.125. அது 6.0க்கு இறங்கிவிட்டது. எழுத்தில் மட்டும் 5.5க்குப் பதில் 6.0 வந்திருந்தால் கூட்டுத்தொகை 25, சராசரி 6.25. இந்தப் பரீட்சையில் கால் புள்ளி மேல்நோக்கியே போகும், ஆகவே மொத்தம் 6.5. எந்தப் பகுதியும் 6.0க்குக் கீழே இல்லை. நிபந்தனை முழுதாக நிறைவேறியிருக்கும்.

ஆக, உங்களுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் நிற்பது எழுத்தில் ஓர் அரைப் புள்ளி. ஒரு மணித்தியாலப் பரீட்சை, இரண்டு கேள்வி. முதலாவது, வரைபையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொல்லில் விவரிப்பது. இரண்டாவது, குறைந்தது 250 சொல்லில் கட்டுரை. கட்டுரைக்கு முதலாவதைப்போல் இரண்டு மடங்கு பெறுமதி. நேரத்தையும் அப்படியே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரிப்பதுதான் வழக்கம். நீங்கள் முதலாவதுக்கு அரை மணித்தியாலம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே கொஞ்சம் போயிருக்கிறது. மிச்சம் எங்கே போனது என்று பார்க்கலாம்.

அந்த முப்பத்தொரு கட்டுரைகள்

நீங்கள் அனுப்பிய கட்டுரையின் கேள்வி இது: நகரங்களில் பஸ், ரயில் பயணத்தை இலவசமாக்கினால் வாகன நெரிசல் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள், நீங்கள் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள்?

உங்கள் கட்டுரையில் 268 சொல். எந்தக் கேள்விக்கும் பொருந்தக்கூடிய சொற்களை மஞ்சள் மையால் கோடிட்டேன். "இன் திஸ் மொடேர்ன் எரா" என்று தொடங்குகிறது. "டபுள் எட்ஜ்ட் சுவோர்ட்" வருகிறது. "தேர் ஆர் போத் மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ்" வருகிறது. கைத்தொலைபேசி பற்றிக் கேட்டாலும் இதே வசனங்கள், காடழிப்பு பற்றிக் கேட்டாலும் இதே வசனங்கள். முடிவில் எண்ணினால் தொண்ணூறுக்கு மேல், மூன்றில் ஒரு பங்கு. (நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கடுவ', வாள் என்று பொருள். அந்த இருபக்க வாளைக் கட்டுரையில் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்.)

இரண்டாம் பந்தி முழுக்க வாகனப் புகை, பூமி சூடாதல், பனிமலை உருகுதல். கேள்வி நெரிசலைப் பற்றியது. பனிமலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அதில் 'வெற்றெனத் தொடுத்தல்' ஒன்று, 'மற்றொன்று விரித்தல்' இன்னொன்று. உங்கள் முதலாம் பந்தி முதலாவது, இரண்டாம் பந்தி இரண்டாவது. பல நூற்றாண்டுக்கு முன்பே பவணந்தியார் கண்ட குற்றத்துக்குத்தான் இன்றைக்கும் புள்ளி வெட்டுகிறார்கள்.

பரீட்சகர் நான்கு விடயங்களைச் சம எடையில் பார்க்கிறார்: கேட்டதற்கு விடை இருக்கிறதா, கருத்துகள் கோவையாக ஓடுகின்றனவா, சொல்வளம், இலக்கணம். உங்கள் இலக்கணம் மோசமில்லை. சொல்வளம் கொஞ்சம் பகட்டு. சறுக்கியது முதல் இரண்டிலும்தான். "எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள்" என்ற கேள்விக்கு உங்கள் கட்டுரையில் விடையே இல்லை. "இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்பது விடையல்ல. பாடமாக்கிய பகுதிகளைக் கண்டுபிடிக்கப் பரீட்சகர்களுக்குப் பயிற்சி உண்டு. கட்டுரை முழுவதும் பாடமாக்கியது என்று பட்டால் புள்ளியே கிடைக்காமல் போகவும் கூடும். முப்பத்திரண்டாவது கட்டுரையைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

சென்ற வாரம் உங்களுக்கு மின்னஞ்சலில் தமிழில் ஒரு கேள்வி அனுப்பினேன், ஞாபகமா? "நாளையிலிருந்து காலி வீதி 100ஆம் இலக்க பஸ் இலவசம் என்றால், உங்கள் தொடர்மாடியில் கார் வைத்திருக்கும் அங்கிள் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போவாரா?" அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன் (அதில் வரும் 'குறுக்கு நெகிழ்ச்சி', ஒன்றின் விலை மாறும்போது இன்னொன்றுக்கான கேள்வி, அதாவது வாங்கும் நாட்டம், எவ்வளவு மாறுகிறது என்ற அளவு):

"போக மாட்டார் மிஸ். அவருக்கு ரிக்கெற் காசு ஒரு பிரச்சினையே இல்லை. சனம் தொங்கிக்கொண்டு போறதும் வேர்வையும்தான் பிரச்சினை. பஸ் கட்டணம் குறைஞ்சாலும் காருக்கான கேள்வி பெருசாக் குறையாது, குறுக்கு நெகிழ்ச்சி குறைவு. இலவசமாக்கினா இப்ப நடந்து போறவையும் ரயில்ல போறவையும்தான் பஸ்ஸுக்கு வருவினம். பஸ் இன்னும் நிரம்பும். ஆனா மாதச் சம்பளத்தில முச்சக்கரவண்டிக்கு அழுறவைக்கு அது உதவும்."

தங்கை, இது ஒரு வாதம். நிலைப்பாடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, கண்ணால் கண்ட சான்று இருக்கிறது, கடைசி வசனத்தில் மறுபக்கத்துக்கு ஒரு சின்ன விட்டுக்கொடுப்பும் இருக்கிறது. பொருளியலில் ஏ எடுத்தவரின் மூளை வேலை செய்வது தெரிகிறது. அந்த 268 சொல்லுக்குள் இந்தப் பெண்ணைக் காணவில்லை. பாடமாக்கிய வசனங்கள் அவருக்கு உள்ளே இடம் விடவில்லை.

இதையே ஆங்கிலத்தில் எப்படி வைப்பது? எளிய வசனங்களில்தான். நான்கு பஸ் தரிப்பிடங்களைப்போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வசனத்தில் நிலைப்பாடு: இலவசப் பயணம் கார் வைத்திருப்போரின் பழக்கத்தை மாற்றும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்து, ஏன்: அவர்கள் பஸ்ஸைத் தவிர்ப்பது கட்டணத்தால் அல்ல, நெரிசலாலும் வசதியின்மையாலும். அதன்பின் சான்று: கொழும்பில் காலி வீதி பஸ்களில் காலையில் நிற்கவும் இடமில்லை, கட்டணத்தை நீக்கினால் அந்த நிலைமை மோசமாகும். இறுதியில் எல்லை: முச்சக்கரவண்டியில் போகும் குறைந்த வருமானத்தினர் மாறக்கூடும், ஆகவே நெரிசல் சிறிதளவு குறையலாம். இந்தக் 'கூடும்', 'லாம்' என்பவற்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'மே', 'இஸ் லைக்லி டு' போன்ற சாதாரணச் சொற்கள் போதும். "நிச்சயமாக", "ஐயமின்றி" என்று அடித்துப் பேசுவது பட்டிமன்றத்துக்கு அழகு. பல்கலைக்கழக எழுத்தில், சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் குரலை உயர்த்தலாம்.

இன்னொன்று. நமக்குப் பாடசாலையில் கட்டுரையென்றால் முன்னுரையில் ஒரு குறள், பிறகு உலகம் தோன்றிய கதை, விடயம் மூன்றாம் பந்தியில். ஆங்கிலக் கல்விசார் எழுத்தில் வாசகர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். வாசலிலேயே விடையைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும். இது தமிழுக்குக் குறைவுமில்லை ஆங்கிலத்துக்கு உயர்வுமில்லை, வழக்கம் வேறு.

வீட்டில் தமிழை நிறுத்துவதா?

உங்கள் அண்ணா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது கதைக்கும் ஆங்கிலம். உங்களுக்கு வேண்டியது படிக்கவும் எழுதவும் வேண்டிய ஆங்கிலம். கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். குடியேறிய பிள்ளைகளுக்கு அன்றாடப் பேச்சு இரண்டு வருடம் போல் எடுக்கும், பாடப்புத்தக மொழியில் மற்றவர்களுக்கு ஈடாக வர ஐந்து வருடத்துக்கு மேலாகும் என்றார். அவர் சொன்ன இன்னொன்றைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: முதல் மொழியில் ஒருவர் கட்டிய சிந்தனைப் பழக்கம் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும். குறுக்கு நெகிழ்ச்சியை நீங்கள் தமிழில் விளங்கிக்கொண்டுவிட்டீர்கள். ஆங்கிலத்தில் அதற்கொரு பெயர் மட்டும்தான் தேவை. விளங்காத ஒன்றுக்குப் பெயர் மட்டும் தெரிந்து என்ன பயன்?

அம்மாவோடு ஆங்கிலத்தில் கதைக்கச் சொல்வது இன்னும் வேடிக்கை. உங்களுக்குப் பேச்சில் ஏற்கெனவே 6.5 இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து ஆறுதல் சொல்ல ஒருவர் இந்த நேரத்தில் தேவை. தமிழில் சொல்லுங்கள்.

தமிழை மூடாமல், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும் ஒரு பயிற்சி சொல்கிறேன். நம் மத்திய வங்கி தன் ஆண்டறிக்கைகளை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். 2022ஆம் ஆண்டு அறிக்கையில் பணவீக்கம் பற்றிய பகுதியை எடுங்கள். ஒரு பக்கத்தைத் தமிழில் வாசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த விடயம்தான். பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில். 'சுட்டெண்' எந்தச் சொல்லாக வருகிறது, 'உச்சத்தை அடைந்து பின்னர் தணிந்தது' என்பதை எந்த வினைச்சொற்களில் எழுதுகிறார்கள் என்று கோடிடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, ஐந்து வசனத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். வரைபு விவரிக்கும் முதலாம் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒரு பொறியையும் காட்டிவிடுகிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3. இதைக் கண்டதும் என் மாணவர்களில் பாதிப்பேர் "விலைகள் குறைந்தன" என்று எழுதுவார்கள். விலை குறையவில்லை, விலை ஏறும் வேகம் குறைந்தது. தேங்காய் வாங்கப் போன எவருக்கும் அது தெரியும். பொருளியல் மாணவியான நீங்கள் பெயர்ச்சொல்லைச் சரியாகப் பிடித்து, 'பணவீக்கம் தணிந்தது' என்று எழுதினால் போதும். அந்த ஒரு சொல்லில் உள்ள கவனம் அலங்காரச் சொல் பத்துக்குச் சமம். கல்விசார் ஆங்கிலம் என்று எல்லாரும் பயப்படுகிற சாமான் பெரும்பாலும் இந்தக் கவனம்தான்.

சொற்களுக்கென்றால், நியூசிலாந்தில் ஏவரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலைத் தேடுங்கள். 570 சொற்குடும்பங்கள். பல்கலைக்கழகப் பாடநூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து, அதுவும் நீங்கள் வாசித்த பக்கத்தில் கண்ட வசனத்தோடு. பட்டியலைப் பாடமாக்க வேண்டாம், உங்களுக்கு அந்த வியாதி ஏற்கெனவே இருக்கிறது.

தொடர்மாடியில் சத்தமென்று எழுதியிருந்தீர்கள். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதே. நேரமிருந்தால் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே பொது நூலகம்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதலாவது, எழுத்தை மட்டும் திரும்ப எழுதுவது. 'வன் ஸ்கில் ரீடேக்' என்பார்கள். கணினியில் எழுதியவர்கள், முதல் பரீட்சையிலிருந்து 60 நாட்களுக்குள், ஒரு பகுதியை மட்டும் ஒருமுறை மீண்டும் எழுதலாம். மற்ற மூன்று புள்ளிகளும் அப்படியே புதிய தாளில் வரும். உங்களுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்குமேல் இருக்கிறது. எல்லா நிலையங்களிலும் எல்லா நாளும் இந்த வசதி இருக்காது, எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதுமில்லை. ஆகவே காசு கட்டுமுன் பல்கலைக்கழக அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, "இதை ஏற்பீர்களா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்கிறார்கள் என்றால் என் தெரிவு இதுதான். நாளைக்கே போய் எழுதாதீர்கள். நான்கு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு, அறுபதாம் நாளுக்குமுன் எழுதுங்கள். இடங்கள் நிரம்பக்கூடும் என்பதால் திகதியை மட்டும் இப்போதே பதியுங்கள்.

மறுமதிப்பீடு கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பரீட்சைத் திகதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்கலாம், புள்ளி கூடினால் கட்டணம் திரும்பி வரும். ஆனால் இரண்டு தடவையும் ஒரே 5.5. உங்கள் கட்டுரையைப் பார்த்தபின், அது தவறாகப் போட்ட புள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் காசை ரீடேக்குக்கு வையுங்கள்.

அடுத்தது, அந்தப் பல்கலைக்கழகத்தின் பிரீ-செஷனல் வகுப்பு. பட்டப்படிப்புத் தொடங்குமுன் கோடையில் சில வாரங்கள் கல்விசார் ஆங்கிலம் மட்டும் படிப்பிப்பார்கள். தேறினால் திரும்பப் பரீட்சை எழுதாமலே சேரலாம். படிப்பாகப் பார்த்தால் இது மிக நல்லது: விரிவுரையில் குறிப்பெடுப்பது, மேற்கோள் காட்டுவது, குழுவில் வாய் திறப்பது எல்லாம் அங்கே பழகும். செலவாகப் பார்த்தால் கட்டணம், கூடுதல் வாடகை, சாப்பாடு. அடைவில் இன்னும் எத்தனை நகை வைக்க முடியும் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றும் உண்டு: பிரீ-செஷனலுக்குப் பலவேளைகளில், பிரித்தானிய விசாவுக்கென்று எழுதும் 'யூ.கே.வி.ஐ.' வகை ஐ.ஈ.எல்.ரி.எஸ். கேட்பார்கள். கேள்வித்தாள் தரத்தில் இரண்டும் ஒன்றே. பெறுபேற்றுத் தாள்தான் வேறு. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்.

பிறகு, சேர்வதைத் தள்ளிப்போடுவது. பல இடங்களில் ஜனவரியிலும் ஒரு தொடக்கம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருடம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உங்கள் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள் என்ற கவலைக்கு என்னிடம் மருந்தில்லை.

இங்கேயே படிப்பது தோல்வியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தின் முதல் வருடத்தைக் கொழும்பிலேயே படித்துவிட்டு மிச்சத்துக்குப் போகும் ஏற்பாடுகளும் உண்டு. ஆனால் அதை வரவு செலவு பார்த்து எடுங்கள், "இங்கிலிஷ் வராது" என்ற காரணத்துக்காக வேண்டாம்.

வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. "7 வராவிட்டால் காசு திருப்பித் தரப்படும்" என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். துண்டுப்பிரசுரமும் ரசீதும் கையில் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

அந்த ஏஜென்ற்

இதில் எடைபோட ஒன்றுமில்லை. போகாதீர்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேற்றைப் பல்கலைக்கழகம் இணையத்தில் சரிபார்க்கும். போலித் தாள் அங்கேயே நின்றுவிடும். போலி ஆவணத்தோடு விசாவுக்கு விண்ணப்பித்தது தெரிந்தால் பிரித்தானிய விதிகளின்படி 10 ஆண்டுகளுக்கு விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். உங்களுக்கு அப்போது முப்பது வயது.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்று அவர் சொன்னாராம். 2014இல் இங்கிலாந்தில் டோய்க் என்ற ஆங்கிலப் பரீட்சையில் சில நிலையங்களில் ஆள் மாற்றி எழுதியது தொலைக்காட்சியில் அம்பலமானது. அதன்பின் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா பறிபோனது. நேர்மையாக எழுதியவர்களும் அதில் அகப்பட்டு, தங்கள் பெயரைக் காப்பாற்ற வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். குற்றம் செய்யாதவர்களுக்கே அந்த நிலை.

கடவுச்சீட்டின் மூலப்பிரதியை அவரிடம் கொடுத்திருப்பதாக ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியில்தான் நெஞ்சு திக்கென்றது. பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் இந்த வாரமே திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். உங்கள் நோக்க அறிக்கையையும் அவர் எழுதித் தருவதாகச் சொல்கிறார், அதையும் விடுங்கள். நேர்காணல் வைத்தால், ஏன் இந்தப் படிப்பு என்று உங்களைத்தான் கேட்பார்கள், அவரை அல்ல.

போன பிறகு

6.5 என்பது வாசல் திறக்கும் சாவி மட்டுமே. உள்ளே முதலில் இடறப் போவது எங்கே என்று இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்மொழி மூலம் படித்துவிட்டுப் போன கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் இடறுகிறார்கள்.

உயர்தரத்தில் ஆசிரியரின் குறிப்பை வரி பிசகாமல் எழுதினால் ஏ. அங்கே வரி பிசகாமல் எழுதினால் கருத்துத் திருட்டு. ஒப்படைகளை டேர்னிட்டின் போன்ற மென்பொருளில் ஏற்றித்தான் வாங்குகிறார்கள். ஒரு வசனத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றி எழுதுவதும் தப்பாகவே எண்ணப்படும். வாசியுங்கள், மூடுங்கள், தோழிக்குச் சொல்வதுபோல் உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள், தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. அதன்பின் எழுதுங்கள். எழுதியபின் யாருடைய கருத்து, எந்த வருடம் என்று குறியுங்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியர் நூல் நெடுகிலும் "என்ப", "மொழிப", "என்மனார் புலவர்" என்று முன்னோரைச் சொல்லிச் சொல்லித்தான் போகிறார். அங்கே பெயரும் ஆண்டும் கூடக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கிளின் கார்க் கதைக்கும் அங்கே இன்னொரு படி வேண்டும். பரீட்சையில் உங்கள் கண்ணால் கண்டது சான்றாகப் போதும். பல்கலைக்கழக ஒப்படையில், "கொழும்பில் எவராவது அளந்து பார்த்தார்களா? லக்சம்பேர்க் 2020 மார்ச்சிலிருந்து நாடு முழுக்க இலவசமாக்கியதே, அங்கே என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அதைத் தேடிப் போவதுதான் படிப்பு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எந்த அளவுக்குப் பாவிக்கலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்துக்குப் பாடம் மாறும். முதல் வாரமே கேட்டு வையுங்கள். எழுதித் தரச் சொன்னால் அது காலி வீதி வகுப்பின் முப்பத்திரண்டாவது கட்டுரைதான்.

விரிவுரையில் விளங்காவிட்டால் கையை உயர்த்துங்கள். "எல்லாருக்கும் விளங்கியிருக்கும், எனக்குத்தான்" என்று நினைத்து நம் பிள்ளைகள் பின்வரிசையில் இருந்துவிடுவார்கள். அங்கே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவில்லை, வாய்மூடி இருப்பவர் தயாராகாமல் வந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி அந்தக் கடைசி வரி. ஆங்கிலம் வராதவருக்குக் கேட்டலிலும் பேச்சிலும் 6.5 வராது. ஆகவே அந்தக் கேள்வியை நான் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன்: அங்கிளின் காரைப் பற்றி எனக்குத் தமிழில் எழுதிய அந்தப் பந்தியை ஆங்கிலத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். 120 சொல் போதும். முன்னுரை வேண்டாம்.